பாலம் எந்த ஊரில் நிற்கிறது

குவான்சா கேட்டது சின்னக் கேள்விதான். கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் பொரித்த மீனை எடுத்து முள் நீக்க ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கழிமுகத்து நடுத்திட்டுல பாலத்துக்கு அடிக்கிற பைல் தூணெல்லாம் ஒக்பாஷி ஊரு மண்ணுல நிக்குதா, க்லேமான் ஊரு மண்ணுல நிக்குதா?"

லாமிலே வாயைத் திறந்தாள். கையில் பிட்ட கென்கே சோளக்களி உருண்டை மிளகாய்த் துவையலில் தோய்க்கப்படாமல் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன மேடம், எங்க கென்கேன்னா வாழை இலையில கட்டியிருக்கும், பிரிச்சா மணக்கும். உங்க ஊரு சோள மட்டைக் கென்கே தொண்டையில சிக்கிக்கிச்சா?"

"சிக்கலைங்க சார். யோசிக்கிறேன்."

"யோசிக்க என்ன இருக்கு? பிறந்த ஊரு உங்களுது. நானா இங்க பிறந்தேன்?"

குவான்சா ஃபாந்தி இனத்து ஆள், கேப் கோஸ்ட் பக்கம். பாலம் கட்டுகிற துருக்கிக் கம்பெனிக்கும் கட்டச் சொன்ன சாலைத் துறைக்கும் நடுவில் நிற்கிற கன்சல்டன்ட் இன்ஜினியர் அவர்தான். கம்பெனி எதைக் கேட்டாலும் உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. கேட்பது லாமிலேயின் வேலை. கிளைம் மேனேஜர் என்று அவள் மேசையில் பலகை வைத்திருக்கிறது. வேலை தாமதமானால், இது எங்கள் குற்றமில்லை, இன்ன காரணம், ஆகவே கூடுதல் காலம் கொடு என்று எழுதிக் கேட்பது. அக்ராக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் இதில் அவளை மிஞ்ச ஆள் கிடைக்காது. சைட்டுக்குள் ஆடு புகுந்தால்கூட அன்றைக்கே கடிதம் போய்விடும். "ஆட்டுக்கு ஒரு காப்பி அனுப்பினீங்களா?" என்று குவான்சாவே ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவள்தான் இப்போது ஒரு வரிக்குப் பதில் தெரியாமல் முழிக்கிறாள்.

விஷயம் இதுதான். ஹொமோவோ திருநாள் வருவதற்கு முன்னால் லாமிலேயின் கா இனத்து ஜனங்கள் ஊரில் ஒரு மாதம் ஓசையை நிறுத்திவிடுவார்கள். விதைத்த சோளம் நிம்மதியாக முளைக்க வேண்டும், தெய்வங்கள் கண்ணயர வேண்டும். மேளம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, சர்ச்சில்கூடக் கை தட்டாமல்தான் பாட வேண்டும். செத்த வீட்டிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறபோது, பைல் அடிக்கிற எந்திரத்தை விடுவார்களா? அந்தச் சத்தத்துக்குப் புதைக்கப்பட்டவனே எழுந்து யாரது என்று கேட்பான்.

இது தெரிந்துதான் கம்பெனி வேலைத் திட்டத்தில் முதலிலேயே, ஊர் ஒலித்தடைக்காக வருஷத்தில் ஒரு மாதம் பைல் வேலை நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த வருஷம் இரண்டு மாதம் நின்றது. மே மாதம் ஒக்பாஷிக்காரர்கள் தடை போட்டார்கள், எந்திரம் நின்றது. அது முடிந்து மழை நாளில் கொஞ்சம் அடித்தார்கள். ஜூலையில் க்லேமான்காரர்கள் தடை போட்டார்கள். எந்திரம் மறுபடியும் நின்றது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மாதம், அது அப்படித்தான். இரண்டு தடவையும் நிறுத்தச் சொன்னது லாமிலே. யாரையும் கேட்கவில்லை. நிறுத்துவதற்கு முன்னால் குவான்சாவிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், இதற்கு வாங்கவில்லை. சூரியன் உதிக்கலாமா என்று யாராவது உத்தரவு கேட்பார்களா?

பிறகு கிளைம் கடிதம் எழுதினாள். இரண்டு தடவையும் 'ஒலித்தடை காரணமாக வேலை நின்றது' என்று மட்டும் எழுதினாள். யாருடைய தடை என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தடை என்றால் தடை.

குவான்சாவுக்குத் தோன்றிவிட்டது.

"இங்க பாருங்க," என்று அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பைலு ரெண்டு ஊருல நிக்க முடியாது. அது ஒக்பாஷி மண்ணுன்னா, மே மாசம் நிறுத்துனது சரி. ஜூலையில எதுக்கு நிறுத்துனீங்க? க்லேமான் மண்ணுன்னா, ஜூலை சரி, மே எதுக்கு? ரெண்டுல ஒண்ணு நிஜத் தடை, அதுக்குத் திட்டத்துலயே மாசம் குடுத்தாச்சு. இன்னொண்ணு நீங்க மரியாதைக்கு நிறுத்துனது. மரியாதைக்குக் கான்ட்ராக்ட்ல காலம் கிடையாது மேடம்."

"மரியாதை இல்ல சார்..."

"பின்ன என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. அதுக்கப்புறம் இந்தக் கிளைமை நான் பார்க்கக்கூட முடியாது, விதி அப்படி."

கண்டெய்னர் ஆபீசுக்குத் திரும்பினால் அங்கே ஜெவ்தெத் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் பிராஜெக்ட் மேனேஜர், பெண்களை மரியாதைக்கு ஹானிம் என்று கூப்பிடுகிற துருக்கிக்காரர். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடித் தம்ளரில் சாயா குடித்துக்கொண்டே இருப்பார். கோபம் வந்தால் குடிக்காமல் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருப்பார். இப்போது கலக்கிக்கொண்டிருந்தார்.

"லாமிலே ஹானிம், அங்காரா ஹெட் ஆபீசுலேர்ந்து போன். ரெண்டாவது தடவை நிறுத்தச் சொன்னது யாருன்னு கேக்குறாங்க."

"நான்தான் சார்."

"தெரியும். அதைத்தான் சொன்னேன். காலம் கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா அந்தப் பொண்ணுக்குக் கணக்கு முடிச்சு அனுப்பிருங்கன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்? எனக்கு மேல நாலு பேரு இருக்காங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு சார்."

"ஒரு வரிதான? ஒண்ணு இந்த ஊரு, இல்ல அந்த ஊரு."

"ஆமா சார். ஒரு வரிதான்."

அந்த ஒரு வரி அவள் கழுத்தில் எப்படிக் கத்தியாக நின்றது என்று அவருக்கு எப்படித் தெரியும்? லாமிலேயின் அப்பா ஒக்பாஷி. அவளுடைய பேரே அந்த வீட்டுப் பேர். வளர்ந்ததெல்லாம் க்லேமானில், அம்மா வீட்டுப் பெண்கள் முற்றத்தில். திருநாளுக்கு ஒக்பாஷியில் அப்பா வீட்டில் சோள மாவுப் பொங்கலும் பனம்பழக் குழம்பும் தின்பாள். அடுத்த மாதம் க்லேமானில் அம்மா வீட்டில் மறுபடியும் தின்பாள். இரண்டு ஊருக்கும் நிலத் தகராறு அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே கோர்ட்டில் இருக்கிறது. இதில் அவள் கையெழுத்தோடு, அரசாங்கப் பாலத்துக் கடிதத்தில், இது இன்னார் மண் என்று ஒரு வரி போனால் மறுநாளே எவனாவது வக்கீல் அதை நகல் எடுத்து நீட்டிவிடுவான்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை வழுக்கி வழுக்கி எழுதிப் பார்த்தாள். 'அப்பகுதியில் நிலவிய தடை' என்று எழுதினாள். 'சம்பந்தப்பட்ட சமூகத்தினர் விதித்த தடை' என்று எழுதினாள். குவான்சாவுக்குப் போனில் படித்துக் காட்டினால் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"மேடம், இது கழுவுற மீனுல நழுவுற மீனால்ல இருக்கு! எந்தச் சமூகம்? பேரு இருக்கா அதுக்கு?"

"ரெண்டும் சார்."

"ரெண்டும்னா திரும்ப முதல்லேர்ந்து வருவோம். ஒரு பைலு..."

"தெரியும் சார். ரெண்டு ஊருல நிக்க முடியாது."

புதன்கிழமை டிரோட்ரோ வேன் பிடித்து ஒக்பாஷிக்குப் போனாள். அஷிட்டே சித்தப்பா, அப்பாவின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அந்த வீட்டுக்குத் தலை அவர்தான். வாசலில் கூட்டாளியோடு காய் நகர்த்திக்கொண்டிருந்தார். டிராஃப்ட்ஸ் பலகையில் அவர் காயை வைத்தால் சுத்தியல் விழுகிற மாதிரி இருக்கும்.

"வாங்க பெரிய மனுஷி! மேளம் அடிக்காம எப்படி ஊருக்குள்ள வந்தே? ஆபீஸ் காருலல்ல வரணும்?"

"காரு டீசலுக்குப் போயிருக்கு சித்தப்பா. ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கிற மாதிரிதான் கேப்பே. கேளு."

"பாலத்துல நடுத்திட்டு இருக்குல்ல. நீங்க தடை போட்டீங்களே, அப்ப அது யாரு மண்ணு?"

பலகையில் காய் ஓங்கி விழுந்தது. "இது ஒரு கேள்வியா? எங்க மண்ணு! கழிமுகம் கடல்ல கலக்குற வாய்தான் எல்லை. வாய்க்கு மேற்கே எல்லாம் ஒக்பாஷி, கிழக்கே எல்லாம் க்லேமான். எங்க தாத்தாவும் அவனுங்க தாத்தாவும் சேர்ந்து தண்ணியில சாராயம் ஊத்திச் சத்தியம் பண்ணது. அப்ப திட்டு வாய்க்கு மேற்கே. முடிஞ்சுது."

"அவங்க தங்களுதுங்கிறாங்களே."

"யாரு, உன் அம்மா வீட்டு மீன்காரிங்களா? அவளுங்க கடலையும் தங்களுதுன்னுதான் சொல்லுவாளுங்க. இங்க பாரு லாமிலே, நாங்க தடை போட்டு வெள்ளை வேட்டி கட்டி நின்னப்போ அது க்லேமான் மண்ணுன்னு நீ எழுதினேன்னு வை, அடுத்த திருநாளுக்கு இந்த வாசப்படி மிதிக்காதே. பொங்கலை நாய்க்கு வச்சாலும் உனக்கு வைக்க மாட்டேன்."

"நாய் உங்க சமையலைத் திங்காது அண்ணே," என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த கூட்டாளி.

லாமிலே சிரிக்கவில்லை. அங்கிருந்து நேரே க்லேமானுக்குப் போனாள். ஒக்காய்லே பெரியம்மா, அம்மாவின் அக்கா, புகையடுப்பில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு, நாக்கு அதைவிடச் சிவப்பு.

"அடியே, மூஞ்சி ஏன் புகையில வாட்டுன சாளை மாதிரி இருக்கு? எவனாவது ஏமாத்திட்டானா?"

"வேலை போயிரும் போலிருக்கு பெரியம்மா. பாலத்து நடுத்திட்டு யாரு மண்ணு? நீங்க ஜூலையில ஆள் அனுப்பி எந்திரத்தை நிறுத்தச் சொன்னீங்களே."

"எங்க மண்ணு, நிறுத்தச் சொன்னோம். அடுத்தவன் வீட்டுல போயி உலையை இறக்குன்னு சொல்லுவோமா?"

"எல்லை எது?"

"என்னடி படிச்சே நீ? கழிமுகத்து வாய். கிழக்கே நாங்க, மேற்கே உங்க அப்பன் வீட்டுத் தண்டங்க. திட்டு கிழக்கே இருக்கு."

"மேற்கே இல்லையா?"

"எனக்குக் கண்ணு போகல, கண்ணுக்குள்ள புகைதான் போயிருக்கு. கிழக்கே! ஜூலையில எங்க தடையை நீ இல்லைன்னு எழுதிப் பாரு, உன் அம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து உன் காதைத் திருகுவா. நான் வழி காட்டிக் கூட்டிக்கிட்டு வருவேன்."

சொல்லிவிட்டு ஒரு மீனை இலையில் சுற்றிக் கையில் திணித்தாள். லாமிலே அதை மடியில் வைத்துக்கொண்டு டிரோட்ரோவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த ஆள் மீன் வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

தலை சுற்றியது. சண்டை போடுகிறவர்கள் ஆளுக்கொரு சட்டம் சொன்னால் புரிந்துகொள்ளலாம். இவர்கள் இரண்டு பேரும் ஒரே சட்டத்தைச் சொல்கிறார்கள். எல்லை ஒன்று, வாய் ஒன்று, திட்டு ஒன்று. அப்புறம் எப்படித் திட்டு மேற்கேயும் இருக்கும், கிழக்கேயும் இருக்கும்? யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். சித்தப்பா பொய் சொல்வார், டிராஃப்ட்ஸில் காயைத் திருடுகிறவர்தான். ஆனால் சாராயம் ஊற்றிச் செய்த சத்தியத்தில் பொய் சொல்ல மாட்டார். பெரியம்மா மீனின் எடையில் பொய் சொல்வாள். மண்ணில் சொல்ல மாட்டாள். அப்படியானால் தான்தான் எங்கோ தப்பாகக் கேட்டிருக்கிறோம். எதைத் தப்பாகக் கேட்டோம்? அதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஜெவ்தெத் அவளைச் சைட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார். "நேர்ல நின்னு பார்ப்போம். ஆபீஸ்ல உட்கார்ந்தா பைத்தியம் பிடிக்கும்."

திட்டில் பைல்கள் வரிசையாக நின்றன. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது.

"சரி, இப்ப சொல்லுங்க ஹானிம். உங்க சித்தப்பா என்ன சொன்னாரு?"

"வாய்க்கு மேற்கே எல்லாம் அவங்களுதாம்."

"வாய் எங்க?"

"அதோ..." என்று அவள் கையை நீட்டினாள். திட்டு வாய்க்கு மேற்கே என்றால் வாய் இருக்க வேண்டிய பக்கம், கிழக்கே. கை நீண்டுவிட்டது, விரலுக்கு நேரே தண்ணீர் இல்லை. உலர்ந்த மணல்மேட்டில் பையன்கள் இரண்டு செருப்பைக் கோல் கம்பமாக நட்டு வைத்துப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

லாமிலே கையை மடக்கவில்லை. அப்படியே மெதுவாக உடம்போடு சேர்த்துத் திரும்பினாள். மேற்கே, திட்டுக்கு அந்தண்டை, கழிமுகம் கடலோடு கலந்து நுரைத்துக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றார் ஜெவ்தெத்.

"சார், மே மாசம் நீங்க காலையில நடக்கப் போவீங்களே, எந்தப் பக்கம் போவீங்க?"

"மேற்கே. கிழக்கே தண்ணி குறுக்க ஓடும்ல?"

"இப்ப?"

"இப்ப கிழக்கே..." அவர் நிறுத்திவிட்டார். "மழையில உடைச்சுக்கிச்சுல்ல. ஜூன்ல. நம்ம தற்காலிகப் பாதைகூட அடிச்சுக்கிட்டுப் போச்சே. குவான்சாதான் பாதையைக் கிழக்குப் பக்கம் மாத்திப் போடச் சொன்னாரு."

ஆமாம். பாதை அடித்துக்கொண்டு போனதற்கு லாமிலேயே தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். பெருமழை, கழிமுகம் கிழக்கு வாயை மணலால் அடைத்துக்கொண்டு மேற்கே புது வாய் உடைத்தது என்று அவளே எழுதினாள். எழுதியபோது அது அவளுக்குப் பாதை விஷயம். எல்லை நகர்ந்துவிட்டது என்று தோன்றவே இல்லை. யாருக்குத் தோன்றும்? எல்லை என்றால் கல் மாதிரி நிற்கும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா, மே மாசம் திட்டு உங்களுது."

"அதான் சொன்னேனே. காது அடைச்சுப் போச்சா?"

"ஜூலையில?"

"ஜூலையில வாய் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"மேற்கே."

"அப்ப அவளுங்களுது. இதை எதுக்கு என்னைக் கேக்குறே? ஜூலையில நான் வந்து உன் எந்திரத்தை நிறுத்தினேனா? ஏதாவது பேசினேனா?"

"நேத்து சொல்லியிருக்கலாம்ல!"

"நீ எங்க தடை மாசத்தைக் கேட்டே, நான் அதுக்குப் பதில் சொன்னேன். வாய் நகரும்னு தனியா வேற சொல்லணுமா? கடல்ல உப்பு இருக்குன்னும் சொல்லட்டுமா? படிச்சவளாம், கிளைமாம்!"

"அப்ப கோர்ட்டுல எதுக்கு இத்தனை வருஷமா வழக்கு?"

"அது மேட்டு நிலத்துக்கு. மேட்டுக்கு எந்த வாய் வந்து எல்லை சொல்லும்? அதனாலதான் அடிச்சுக்கிறோம். வை போனை, ஆட்டம் போயிரும்."

பெரியம்மாவுக்குப் போட்டாள். அவள் இதைக்கூடச் சொல்ல விடவில்லை. "மே மாசமா? அப்ப வாய் எங்க பக்கமாத்தான ஒட்டி இருந்துச்சு, திட்டு அவங்களுது. அதுக்கு ஏண்டி நான் வாயைத் திறக்கணும்? மீனைத் தின்னியா இல்லியா?"

ஜெவ்தெத் முழுசையும் கேட்டுவிட்டு, சாயா இல்லாத வெறும் கையால் எதையோ கலக்கினார். "ஹானிம், எனக்குப் புரிஞ்ச மாதிரியும் இருக்கு. புரியாத மாதிரியும் இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு சார். ஆனா எழுதலாம்."

வெள்ளிக்கிழமை ஜெவ்தெத்தோடு போய்க் குவான்சாவின் கண்டெய்னரில் அவர் மேசைமேல் அவள் வைத்த கடிதத்தில் அந்த ஒரு வரி இரண்டு வரியாக இருந்தது. முதல் தடையின்போது பைல்கள் ஒக்பாஷி எல்லைக்குள் இருந்தன. இரண்டாவது தடையின்போது அதே பைல்கள் க்லேமான் எல்லைக்குள் இருந்தன.

குவான்சா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"மேடம், பைலுக்குக் காலு முளைச்சுதா?"

"பைல் நகரல சார். ஊரு நகர்ந்துச்சு."

"ஊரு நகருமா?"

"கழிமுகத்து வாய்தான் எல்லை. ரெண்டு ஊரும் ஒத்துக்கிறாங்க, நான் கேட்டுட்டேன். வாய் ஜூன் மழையில கிழக்கேயிருந்து மேற்கே போச்சு. பாதையை மாத்திப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சாலைத் துறை வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். அதில் கழிமுகத்துக்கு ஒரே ஒரு வாய்தான் போட்டிருந்தது. அதுவும் நட்ட நடுவில், இப்போதும் இல்லாத அப்போதும் இல்லாத இடத்தில். வரைபடத்தை மடித்து வைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க. அப்படின்னா இது உங்க ஜனங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம். நீங்க இந்த ஊரு. கம்பெனிக்காகக் கிளைம் எழுதுறதும் நீங்க. தெரிஞ்சிருந்தா திட்டம் போடும்போதே ரெண்டு மாசம் ஒதுக்கியிருக்கணும். ஒதுக்கலைன்னா அது கம்பெனி குத்தம். என்ன சொல்றீங்க?"

ஜெவ்தெத் அவளைப் பார்த்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. லாமிலேயும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும், தெரியாது. நேற்றுக் காலை வரைக்கும் தனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. இதை எப்படிக் கடிதத்தில் எழுதுவது?

"சார்," என்றாள். "வாய் நகரும்னு தெரியும். ஆனா இந்த வருஷம் நகரும்னு யாருக்குத் தெரியும்? சில வருஷம் கிழக்கேயே கிடக்கும். சில வருஷம் திறக்கவே திறக்காது, பூசாரி வந்து வெட்டிவிடணும். மே தடை முடிஞ்சு, ஜூலைத் தடைக்கு முன்னால, சரியா அந்த நடுவுல உடைச்சுக்கிச்சு. ஒரு மாசம் முன்னால உடைச்சிருந்தா ஒரு தடைகூட நம்மைத் தொட்டிருக்காது... இல்ல, தொட்டிருக்கும். ஜூலை மட்டும். இல்ல சார், இருங்க..."

அவள் விரலை மடக்கிக் கிழக்கு, மேற்கு என்று எண்ண ஆரம்பித்தாள். குவான்சாவும் கூடவே மடக்கினார். ஜெவ்தெத் ஒரு தாளில் அம்பு போட்டுப் பார்த்து அடித்தார், மறுபடி போட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கண்டெய்னருக்குள் மூன்று பெரிய மனிதர்கள் கைவிரலை வைத்துக்கொண்டு கழிமுகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"நடுவுல உடைச்சாத்தான் ரெண்டும் விழும்," என்றார் குவான்சா கடைசியில். "இல்லைன்னா ஒண்ணு. இல்லைன்னா..."

"தலைகீழா உடைச்சா ஒண்ணுமே இல்ல சார். மேற்கேயிருந்து கிழக்கே."

"போதும் மேடம், போதும்! நாங்க ஃபாந்திக்காரங்க செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போக மாட்டோம். அவ்வளவுதான் எங்க சட்டம். செவ்வாய் எந்தப் பக்கமும் நகராது." அவர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்கு இது பிடிக்கவே இல்ல. ஆனா ஓட்டை எங்கன்னு தேடுறேன், கிடைக்கல. மழை எந்தப் பக்கம் உடைக்கும்னு கம்பெனிகிட்ட வந்து சொல்லிட்டு உடைக்காது. அது அனுபவமுள்ள கான்ட்ராக்டரால முன்கூட்டித் தெரிஞ்சுக்க முடியாத விஷயம். ரெண்டாவது மாசத்துக்குக் காலம் உண்டு. கடிதம் அனுப்புறேன்."

லாமிலே நன்றி சொல்லக்கூட மறந்து எழுந்தாள். பிறகு நினைவு வந்து திரும்பிச் சொன்னாள். சொல்லிவிட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் சொன்னாள்.

"ஒரு தடவை போதும் மேடம். ரெண்டாவதுக்குக் காலம் தர மாட்டேன்."

வெளியே வந்ததும் ஜெவ்தெத் அங்காராவுக்குப் போன் போட்டார். துருக்கியில் அவர் நெடுநேரம் பேசினார். நடுநடுவே நிறுத்தி, கையைக் கிழக்கே நீட்டினார், மேற்கே நீட்டினார், போனில் இருக்கிறவருக்கு அது தெரியும் என்கிற மாதிரி. அவர் குரல் ஏறியது, இறங்கியது. கடைசியில் ஒரு சிரிப்புச் சத்தம் போனுக்கு வெளியேகூடக் கேட்டது.

"என்ன சார் சொன்னாங்க?"

"ஒண்ணும் புரியலையாம். ஆனா காலம் கிடைச்சுதான்னு கேட்டாங்க, கிடைச்சுதுன்னேன். அப்ப அந்தப் பொண்ணை விட்டுராதீங்க, வேற யாராலயும் இதை விளக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

லாமிலே பக்கத்தில் கிடந்த சிமென்ட் மூட்டையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி ஹானிம்," என்றார் ஜெவ்தெத். "அடுத்த வருஷத் திட்டத்தை இப்பவே அனுப்பச் சொல்றாங்க. மே மாசம் நிறுத்தணுமா, ஜூலை நிறுத்தணுமா?"

அவள் கழிமுகத்தைப் பார்த்தாள். வாய் மேற்கே இருந்தது. அப்படியானால் க்லேமான், அப்படியானால் ஜூலை. அதற்குள் மழை வந்தால்? வந்து கிழக்கே உடைத்தால்? மே மாதத்துக்கு முன்னாலா, பின்னாலா? விரலை மடக்க ஆரம்பித்தவள் பாதியில் விட்டுவிட்டாள்.

"மழை பெய்யட்டும் சார். பெஞ்சதும் சொல்றேன்."

"அங்காராவுக்கு அப்படியெல்லாம் எழுத முடியாது."

"எழுதிப் பாருங்க சார். இன்னிக்கு நான் எழுதலையா?"